மயிலறையின் நீலம்: லண்டன் சாப்பாட்டு அறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

அமெரிக்க பெயிண்ட் நிறுவனமான ஷெர்வின் வில்லியம்ஸ் 2020ஆம் ஆண்டுக்கான நிறமாக ‘நேவல்’ என்ற கருநீலத்தை அறிவித்தது. அதே ஆண்டுக்குப் பான்டோன் நிறுவனம் தேர்ந்தெடுத்ததும் ஒரு நீலம்தான். அதிலிருந்து வீட்டு அலங்காரப் படங்களைப் புரட்டினால் கருநீலம் கண்ணில் படாமல் போவதில்லை. படத்தில் மனத்தை அள்ளும் அந்த நிறம் சொந்த வீட்டுச் சுவரில் ஏறியதும் அறை குகை போலாகிவிட்டது என்று வருந்துபவர்களும் உண்டு. ஓர் அறையில் எடுபடும் நிறம் இன்னோர் அறையில் ஏன் இருட்டடிக்கிறது? இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது ஒரே ஒரு சாப்பாட்டு அறை. 1876–77இல் லண்டனில் ஒரு கப்பல் முதலாளியின் வீட்டில் அது நீலமாக மாறியது. யார் வடிவமைத்தார், யார் வண்ணம் பூசினார், எவ்வளவு கேட்டார், எவ்வளவு கிடைத்தது என்பதெல்லாம் பதிவாகியிருக்கின்றன. அறையும் அழியவில்லை, வாஷிங்டனில் உள்ள ஃப்ரீயர் கலைக்கூடத்தில் இன்றும் போய்ப் பார்க்கலாம். ‘மயிலறை’ என்றே அதற்குப் பெயர்.

அந்த நீலத்தில் சற்றுப் பச்சை கலந்திருக்கிறது. இன்று நாம் கடற்படை நீலம் என்று சொல்லும் நிறத்துக்கு அது நெருங்கிய உறவு, அதேதான் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆழத்திலும், வெளிச்சத்தை விழுங்கும் குணத்திலும் இரண்டும் ஒன்றே. கருநீலம் அடிப்பதென்பது முதலில் வெளிச்சத்தைப் பற்றி எடுக்கும் முடிவு என்பது என் கருத்து. அதற்கு இந்த அறையைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

வீடும் ஆட்களும்

வீட்டின் முகவரி எண் 49, பிரின்சஸ் கேட், கென்சிங்டன். உரிமையாளர் ஃபிரடெரிக் லேலண்ட், லிவர்பூலில் கப்பல் தொழிலில் பணம் சேர்த்தவர். சீனத்தின் நீலவெள்ளைப் பீங்கான்களின்மீது, குறிப்பாகக் காங்ஷி பேரரசரின் காலத்தில் (1662–1722) செய்யப்பட்டவற்றின்மீது, அவருக்குப் பெரும் பற்று. சேர்த்த பீங்கான்களை எல்லாம் சாப்பாட்டு அறையில் அடுக்கிவைத்து, விருந்தினர் உண்ணும்போது அவை கண்ணில் படவேண்டும் என்று விரும்பினார்.

அந்தப் பொறுப்பு தாமஸ் ஜெக்கில் என்ற கட்டடக் கலைஞரிடம் வந்தது. சுவர் முழுவதும் பொன்பூச்சுள்ள பழைய தோலைப் பதித்தார். அதில் சிவப்புப் பூக்கள் இருந்தன. தோலுக்கு முன்னால் வால்நட் மரத்தில் மெல்லிய தூண்களும் சட்டங்களுமாக அலமாரி எழுப்பினார். கூரையிலிருந்து வாயு விளக்குகள் தொங்கின. கணப்புக்கு மேலே ஜேம்ஸ் மக்நீல் விஸ்லர் 1863–65இல் வரைந்த ‘பீங்கான் நாட்டு இளவரசி’ ஓவியத்துக்கு இடம். எதிர்ச்சுவரும் அவருடைய இன்னோர் ஓவியத்துக்காகக் காத்திருந்தது. அந்த ஓவியம் முடிந்து வரவே இல்லை.

ஜெக்கிலின் அறையை மனத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். மரத்தின் பழுப்பு, தோலின் மங்கிய பொன்மஞ்சள், அதில் சிவப்புப் பூ, முன்னால் நீலவெள்ளைப் பாத்திரங்கள். எதுவும் மிகக் கறுப்பில்லை, எதுவும் மிக வெளுப்பில்லை. நல்ல வேலைதான். பீங்கான்களுக்கு அது பொருந்தியும் இருக்கும். பின்னால் நடந்ததைப் பேசுபவர்கள் ஜெக்கிலை ஒரு வரியில் கடந்துபோய்விடுகிறார்கள். அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அறையின் எலும்புக்கூடு முழுவதும் அவருடையது. தூண், சட்டம், கூரைக் கட்டம் எல்லாம் இன்றைக்கும் அவர் போட்டபடியே நிற்கின்றன.

நீலம் ஏறிய விதம்

1876இல் ஜெக்கில் நோய்வாய்ப்பட்டு வேலையிலிருந்து விலகினார். விஸ்லர் அப்போது அதே வீட்டின் மாடிப்படிக் கூடத்தை அலங்கரித்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு அறையின் கதவுக்கும் ஜன்னல் பலகைக்கும் என்ன நிறம் பூசலாம் என்று அவரிடம் யோசனை கேட்டார்கள். தோலில் இருந்த சிவப்புப் பூக்கள் தம் ஓவியத்தின் இளஞ்சிவப்பையும் வெள்ளிநிறத்தையும் கெடுக்கின்றன என்பது விஸ்லருக்குப் பட்டது. அங்கங்கே கொஞ்சம் மஞ்சள் தொட்டுச் சரிசெய்கிறேன் என்றார். லேலண்ட் ஒப்புக்கொண்டு லிவர்பூலுக்குப் போய்விட்டார்.

அவர் ஒப்புக்கொண்டது அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் வீட்டுக்காரர் ஊரில் இல்லாதபோது நடந்தவை.

விஸ்லர் கூரையைப் பித்தளை ரேக்கால் மூடினார். பொன் போலத் தோன்றும், ஆனால் செம்பும் துத்தநாகமும் கலந்த மெல்லிய தகடு அது. அதன்மேல் மயிலிறகு வடிவங்களை வரைந்தார். ஜெக்கிலின் வால்நட் அலமாரிக்குப் பொன்முலாம் ஏறியது. ஜன்னல் பலகைகளில் தோகை சரிந்த நான்கு மயில்கள் வந்தன. செல்சியாவைச் சேர்ந்த வால்டர் கிரீவ்ஸ், ஹென்றி கிரீவ்ஸ் சகோதரர்கள் கூடவே நின்று உதவினார்கள். வேலை நடக்கும்போதே நண்பர்களையும் பத்திரிகைக்காரர்களையும் அறைக்குள் அழைத்துக் காட்டினார் விஸ்லர். அடுத்தவர் வீடு என்ற நினைப்பே அவரிடம் இருந்ததாகத் தோன்றவில்லை.

கையில் வரைபடம் எதுவும் இல்லாமல், மனம் போன போக்கில் பூசிக்கொண்டே போனதாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். சுற்றிவந்து தொடங்கிய மூலையை அடைந்தபோது, தொடக்கத்தில் பூசியதற்கும் கடைசியில் பூசியதற்கும் வேறுபாடு அப்பட்டமாகத் தெரிந்ததால் அந்தப் பகுதியைத் திரும்பப் பூச வேண்டியிருந்ததாம். சுவருக்கு வண்ணம் அடிக்கும் யாருக்கும் இந்த இடம் நன்றாகப் புரியும். வெளிர்நிறத்தில் மறைந்துபோகும் கைமாற்றம் கருநீலத்தில் மறையாது.

கணக்கு

வேலைக்கு விஸ்லர் கேட்டது 2,000 கினி. சொல்லாத வேலைக்கு இவ்வளவு பணமா என்று லேலண்ட் கொதித்துப்போனார். பேச்சுவார்த்தைக்குப் பிறகு பாதி தர ஒப்புக்கொண்டார், அதையும் கினியாகத் தரவில்லை, 1,000 பவுண்டாகத் தந்தார். ஒரு கினிக்கு 21 ஷில்லிங், ஒரு பவுண்டுக்கு 20. ஆக 50 பவுண்டு குறைந்தது. பணத்தைவிட அதில் இருந்த குத்தல்தான் விஸ்லரைச் சுட்டது: கலைஞருக்கும் வழக்கறிஞருக்கும் கினியில் கொடுப்பது அக்கால வழக்கம், கைவேலைக்காரருக்குப் பவுண்டில்.

மிச்சமிருந்த தோல் முழுவதையும் விஸ்லர் பிரஷ்யன் நீலம் என்ற ஆழ்ந்த நீல நிறமியால் மூடினார். விலைமதிப்புள்ள பழைய தோல் அதன் அடியில் போயிற்று. ஓவியம் வராமல் காலியாகக் கிடந்த எதிர்ச்சுவரில் சண்டையிடும் இரண்டு பொன்மயில்களை வரைந்து அதற்குக் ‘கலையும் பணமும்’ என்று பெயரிட்டார். ஒரு மயிலின் உச்சியில் ஒற்றை வெள்ளி இறகு. விஸ்லரின் கறுப்புத் தலைமுடியில் ஒரு கற்றை மட்டும் வெள்ளையாக இருக்கும். இன்னொரு மயிலின் மார்பில் வெள்ளிக் காசுகள், காலடியிலும் சிதறிய காசுகள். லேலண்ட் சுருக்கு வைத்த சட்டை அணிபவர். அந்த மயிலின் கழுத்திறகும் அப்படியே இருக்கிறது. 1877ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் வேலை முடிந்தது. அதன்பின் அந்த வீட்டில் விஸ்லருக்கு இடமில்லை.

தொழில்முறையில் பார்த்தால் இது மன்னிக்க முடியாத வேலை. வீட்டுக்காரர் அனுமதித்தது சில பூக்களில் மஞ்சள். கிடைத்தது முழு அறை. விலை முன்கூட்டியே பேசப்படவில்லை. இன்னொருவர் தேர்ந்து பதித்த பொருள் கேட்காமல் அழிக்கப்பட்டது. ஜெக்கில் அதே காலத்தில் மனநலம் குன்றி 1881இல் இறந்தார். விஸ்லர் 1879இல் திவாலானபோது அவருக்குக் கடன் கொடுத்தவர்களில் முதன்மையானவர் லேலண்டே. அறை அழகாக வந்துவிட்டது என்பதற்காக இவற்றை எல்லாம் கழித்துவிட எனக்கு மனமில்லை.

ஆனால் லேலண்டின் ஒரு செய்கை கவனிக்கத்தக்கது. அவ்வளவு கோபத்திலும் அவர் நீலத்தை அழித்து வேறு நிறம் பூசவில்லை. தம்மைக் கேலிசெய்யும் மயிலையும் எடுக்கவில்லை. 1892இல் இறக்கும்வரை அந்த அறையில்தான் விருந்து கொடுத்தார். பணம் கொடுத்தவர், ஏமாற்றப்பட்டவர், தினமும் அதற்குள் உட்கார்ந்து சாப்பிட்டவர் அவர். நீலம் எடுபட்டது என்பதற்கு அதைவிட நம்பத்தகுந்த சாட்சியம் எனக்கு வேண்டியதில்லை.

நீலம் ஏன் எடுபட்டது

முதல் காரணம், அது இரவுக்கான அறை. பகலில் கருநீலச் சுவரில் இருக்கும் ஜன்னல் கண்ணைக் கூசவைக்கும். வெளியே பளீரென்ற வானம், சுற்றிலும் இருண்ட சுவர். கண் வானத்துக்கு ஏற்பச் சுருங்கிக்கொள்வதால் சுவர் இன்னும் கறுத்துத் தெரியும். மயிலறையில் மாலையானால் ஜன்னல் பலகைகள் சாத்தப்படும். சாத்தியதும் அவற்றின் மயில்கள் முகம் காட்டும். ஜன்னல் இருந்த இடமும் அதே நீலமும் பொன்னுமான சுவராகிவிடும். அறை முழுமையடைவதே அப்போதுதான்.

இரண்டாவது, விளக்கு. வாயு விளக்கின் சுடர் மஞ்சள். அதில் நீல ஒளி மிகக் குறைவு. நீலச் சுவர் திருப்பி அனுப்புவது நீல ஒளியைத்தான் என்பதால், அந்த வெளிச்சத்தில் பிரஷ்யன் நீலம் ஏறக்குறைய கறுப்பாகிவிடும். அதைத் தடுக்க விஸ்லர் முயலவில்லை. மஞ்சள் வெளிச்சத்தை முழுவதுமாக வாங்கித் திருப்பித் தருகிற பொன்னை எங்கெல்லாம் விளக்கின் ஒளி முதலில் விழுமோ அங்கெல்லாம் வைத்தார். அறை தயாரானபோது அவர் அச்சிட்டு வழங்கிய துண்டுப் பிரசுரத்தில் இது தெளிவாக இருக்கிறது: மயில்கண் வடிவம் கூரையில் விளக்குகளைச் சுற்றித் தொடங்கி விரிகிறது, விளக்குகளுக்கு இடையே மார்பிறகின் வடிவம். பொன்மயமான கூரை விளக்கின் ஒளியைக் கீழே இறக்குகிறது. பொன்பூசிய அலமாரித் தூண்கள் அதைக் கோடு கோடாக வாங்கிக்கொள்கின்றன. இருண்ட நீலம் பின்னால் போய்விடுகிறது, ஒளிக்கோடுகள் முன்னால் நிற்கின்றன. சுமார் 10 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள அறை அதனால் நெருக்கமாகத் தோன்றாமல் எல்லை தெரியாததாகிறது.

கருநீலம் அடித்துவிட்டுக் கூரையைச் சுண்ணாம்பு வெள்ளையாகவே விட்டுவிடுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். வெள்ளைக் கூரையும் ஒளியைத் திருப்பும், தவறில்லை. ஆனால் நீலச் சுவர் முடிந்து வெள்ளை தொடங்கும் கோடு கத்தியால் வெட்டியது போல நிற்கும். அறையின் உயரம் அந்தக் கோட்டிலேயே முடிந்துவிடும். விஸ்லர் அந்த இடத்தில் அலை போன்ற ஒரு வடிவத்தை ஓடவிட்டார். அந்த வடிவத்தையும் ஜெக்கிலின் கண்ணாடிக் கதவிலிருந்துதான் எடுத்தார்.

மூன்றாவது, நீலம் எங்கும் தட்டையாக இல்லை. சுவரின் அடிப்பகுதிப் பலகையில் பொன்மீது நீல இறகு வடிவம். அதற்கு மேலே சுவரில் நீலத்தின்மீது பொன் வடிவம். ஒன்றைத் திருப்பிப் போட்டது மற்றொன்று. நெருங்கிப் பார்த்தால் ஒவ்வொன்றும் தூரிகை நுனியால் வைத்த சிறு வளைவு. தள்ளி நின்று பார்த்தால் நீலம் மூச்சுவிடுவது தெரிகிறது. ரோலரால் ஒரே சீராக அடித்த பெரிய கருநீலப் பரப்பில் இந்த அசைவு கிடைக்காது.

நான்காவதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். அத்தனை நீலத்துக்கும் நடுவே நீலமில்லாத ஒரே பெரிய பொருள் இளவரசி ஓவியம். ரோஜா நிறமும் வெள்ளிச் சாம்பலும் கொண்ட அவளுடைய உடை, பொன்மஞ்சள் தோலின் நடுவே இருந்தபோது அமுங்கியிருக்கும். நீலத்தின் நடுவே அவள்தான் முதலில் கண்ணில் படுகிறாள். இருண்ட அறையில் வெளிர்நிறப் பொருள் எதை வைத்தாலும் அதுவே அறையின் தலைமைப் பொருளாகிவிடும். கருநீலம் அடிக்குமுன் அந்த இடம் எதற்கு என்று முடிவுசெய்தாக வேண்டும். விஸ்லருக்கு அந்த முடிவு சுலபமாக இருந்தது, அது அவருடைய சொந்த ஓவியம்.

தோற்ற இடம்: பீங்கான்கள்

அறை எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த விஷயத்தில்தான் நீலம் தோற்றது என்று நினைக்கிறேன். லேலண்டின் பீங்கான்களில் இருப்பதும் நீலம்தான்: வெள்ளைக் களிமண்ணின்மேல் கோபால்ட் நீலம். ஜெக்கிலின் பழுப்பிலும் மஞ்சளிலும் அவை தனித்து நின்றிருக்கும். நீலச் சுவரும் பொன் அலமாரியும் வந்தபின், பாத்திரத்தின் வெள்ளைப் பரப்பு மட்டும் துள்ளித் தெரிகிறது. அதில் தீட்டிய நுட்பமான நீலக் கோடுகள் சுவரோடு கலந்துவிடுகின்றன. வரிசை வரிசையாக அடுக்கினால் அழகான கூட்டம். ஒரு பாத்திரத்தைத் தனியே பார்க்க வேண்டுமானால் அந்தச் சுவர் உதவாது.

இதை ஒப்பிட்டுப் பார்க்க வரலாறே ஒரு வாய்ப்பைத் தந்தது. 1904இல் அமெரிக்கரான சார்லஸ் லாங் ஃப்ரீயர் முழு அறையையும் விலைக்கு வாங்கினார். இளவரசி ஓவியம் முந்தைய ஆண்டே அவரிடம் வந்திருந்தது. தோல், பலகை, அலமாரி, கூரை என்று அறையைக் கழற்றிக் கப்பலில் ஏற்றி, டெட்ராய்ட்டில் தம் வீட்டோடு சேர்த்துக் கட்டினார். அவரிடம் இருந்த பாத்திரங்கள் வேறு வகை: ஈரான், சிரியா, எகிப்து, சீனம், கொரியா, ஜப்பான் நாடுகளின் பீங்கான்களும் சுட்டமண் பாண்டங்களும். பசுமை, இளநீலப்பச்சை, மங்கிய வெள்ளை, காலத்தால் மின்னும் மெருகு, சொரசொரப்பான உடல். அவற்றை அதே அலமாரியில் அடுக்கினார். 1919இல் அவர் இறந்த பிறகு அறை வாஷிங்டனுக்குப் போய், 1923இல் திறந்த ஃப்ரீயர் கலைக்கூடத்தின் பகுதியானது. 1908இல் எடுத்த புகைப்படங்களைப் பார்த்து ஃப்ரீயரின் அடுக்கை 2011இல் அருங்காட்சியகம் மறுபடி அமைத்தது. 2019இல் நீலவெள்ளைப் பீங்கான்களை அலமாரியில் வைத்தது.

ஒரே சுவர், இரண்டு விதப் பொருட்கள். படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் என் ஓட்டு ஃப்ரீயருக்கு. அவருடைய பச்சைநீலப் பாண்டங்கள் சுவரின் நீலத்திலிருந்து முளைத்தவை போல இருக்கின்றன; ஒவ்வொன்றின் உருவமும் தனியாகத் தெரிகிறது. லேலண்டின் பீங்கான்கள் சுவரோடு போட்டி போடுகின்றன. கருநீலத்துக்குப் பக்கத்தில் அதே நீலத்தை வைப்பதைவிட, அதற்கு அண்டையிலுள்ள நிறமும் சொரசொரப்பான பரப்பும் நன்றாகச் சேர்கின்றன. பித்தளை, மரம், சுடுமண், மூங்கில், நெசவுத் துணி எதுவானாலும் இந்தக் கணக்குப் பொருந்தும்.

காலம் செய்ததையும் குறிப்பிட வேண்டும். விளக்குப் புகை, தூசி, பிற்காலத்தில் யாரோ பூசிய மேல்பூச்சு எல்லாம் சேர்ந்து அறையை மங்கலாக்கியிருந்தன. 1990களின் தொடக்கத்தில் முடிந்த பெரிய பராமரிப்புப் பணியில் அவற்றை நீக்கியபோதுதான் நீலமும் பச்சையும் பொன்னும் தம் பழைய ஆழத்தோடு வெளிப்பட்டன. கருநிறச் சுவர் அழுக்கைக் காட்டாது என்பது தவறான நம்பிக்கை. அழுக்காகத் தெரியாது, அவ்வளவுதான். நிறத்தின் உயிரைத் தின்றுகொண்டிருக்கும்.

நம் சுவரில் என்ன மாறும்

விஸ்லர் பூசியது தோலிலும் மரத்திலும், எண்ணெய் வண்ணத்தால். நாம் பூசுவது பெரும்பாலும் சிமென்ட் பூச்சில். இந்த வேறுபாடு பெரியது. பிரஷ்யன் நீலம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் டீஸ்பாக் என்ற வண்ணத் தயாரிப்பாளரின் கையில் தற்செயலாகக் கிடைத்த இரும்புச் சேர்மம். காரம் பட்டால் சிதைந்து பழுப்பாகிவிடும். சுண்ணாம்பும் சிமென்டும் காரம் மிக்கவை; புதுச்சுவரில் அந்த நீலம் நிற்காது. இன்றைய பெயிண்ட் டின்களில் வேலைசெய்வது பெரும்பாலும் தாலோ நீலம் என்ற செயற்கை நிறமி. 1928இல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் ஆலையில் அதுவும் தற்செயலாகத்தான் கண்ணில் பட்டது. காரத்தைத் தாங்கும். ஆனாலும் ஈரம் வற்றாத புதுப் பூச்சில் அடித்தால் உள்ளிருந்து உப்புப் பூத்து வெளியே வரும். வெளிர்நிறச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத அந்த வெண்படலம் கருநீலத்தில் முதல் மழைக்காலத்திலேயே பல்லிளித்துவிடும். பூச்சு முடிந்து குறைந்தது 28 நாள் காய விட்டு, காரத்தைத் தடுக்கும் பிரைமர் அடித்த பிறகே நீலத்தைத் தொட வேண்டும்.

கடையில் ஷேட் கார்டைப் பார்க்கும்போது அதில் ஒளித்திருப்பு மதிப்பு எவ்வளவு என்று கேளுங்கள். நிறம் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு எவ்வளவு திருப்பித் தருகிறது என்பதைச் சொல்லும் எண் அது. நல்ல வெள்ளைக்கு 80க்கு மேல். தொடக்கத்தில் சொன்ன நேவலுக்கு 4. நான்கு சுவரும் வெள்ளையாக இருந்தபோது போதுமாக இருந்த ஒற்றை டியூப்லைட், நான்கு சுவரும் கருநீலமானபின் போதாது. விளக்கின் எண்ணிக்கையும் இடமும் முதலில், பெயிண்ட் பிறகு. மஞ்சள் ஒளி விளக்கா வெள்ளை ஒளி விளக்கா என்பதையும் அப்போதே முடிவுசெய்யுங்கள். மஞ்சள் ஒளியில் நீலம் கறுக்கும், மரமும் பித்தளையும் எழும். வெள்ளை ஒளியில் நீலம் நீலமாகவே நிற்கும், மற்றவை குளிர்ந்து போகும். இரண்டில் எது வேண்டும் என்பது அந்த அறையில் நீங்கள் இரவில் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஆழ்ந்த நிறங்களுக்கான பெயிண்டில் வெள்ளை நிறமி குறைவு. அதனால் மூடும் திறனும் குறைவு. வெள்ளை பிரைமருக்குப் பதில் சாம்பல் நிறம் கலந்த பிரைமர் அடித்தால் கோட் மிச்சமாகும். இல்லாவிட்டால் மூன்றாவது கோட்டுக்கும் பணம் எடுத்துவைக்க வேண்டியதுதான். பட்டி பார்த்ததில் உள்ள மேடு பள்ளம் பளபளப்பான நீலத்தில் பளிச்சென்று தெரியும். மாட் பூச்சு அதை மறைக்கும், ஆனால் கைபட்ட இடமெல்லாம் தேய்ந்து மினுங்கும். குழந்தைகள் ஓடும் நடைவழிக்கு மாட் கருநீலம் வேண்டாம் என்பேன். படுக்கைத் தலைமாட்டுச் சுவருக்கு அதுவே நல்லது. ஒரு சுவரைத் தொடங்கினால் மூலையிலிருந்து மூலைவரை ஒரே மூச்சில் முடிக்கச் சொல்லுங்கள். எல்லா டின்களையும் ஒரு பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்த பிறகே பெயிண்டர் ரோலரை எடுக்கட்டும், ஏனென்றால் ஒரே எண்ணுக்குக் கலந்த இரண்டு டின்கள்கூடக் கருநீலத்தில் இம்மி வேறுபடும். மிஞ்சியதில் அரை லிட்டரை மூடி இறுக்கி, நிறத்தின் எண்ணை டின்னின்மேல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; ஆணி அடித்த இடத்தையும் நாற்காலி உரசிய இடத்தையும் வேறு எதைக் கொண்டும் சரிசெய்ய முடியாது.